அவையேறிய கோலம்

புதிதாக நூல் செய்தவர் அதனைத் தம் இல்லத்துப் பேழையில் வைத்துப் பூட்டாமல், அறிஞர் கூடிய அவையில் படித்துக் காட்டி, அவர்கள் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறி, அவர்தம் ஒப்புதலைப் பெற்ற பின்னரே உலகிற்கு வழங்குதல் வேண்டும் என்பது பழந்தமிழர் வழக்கம். அரங்கேற்றம் என்பது அதற்குப் பெயர். இன்று அச்சொல் நாட்டியம் பயின்ற சிறுமியரின் முதல் மேடைக்கே பெரும்பாலும் உரியதாகிவிட்டது. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களுக்கு வரும் அரங்கேற்ற அழைப்புகளில் சலங்கையின் படம் இருக்கும். ஏட்டுச்சுவடியின் படம் இராது. ஆயினும் சொல்லின் பழைய பொருள் இறந்துபடவில்லை. பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் கருத்தரங்குகளில் எழுந்து நின்று தம் முடிவுகளை எடுத்துரைக்கும்பொழுது அப்பொருள் உயிருடன் நடமாடுவதைக் காண்கிறோம். அத்தகைய அவைகளுள் மிகப் புதியதாகிய கணிப்பொறியியலின் அவையில் நம் வீட்டு வாசற்கோலம் ஏறிய வரலாற்றை இங்கே கூறப் புகுகிறோம்.

அரங்கேற்றத்தைப் பற்றிய பழைய செய்திகளுள் தலைசிறந்தது தொல்காப்பியத்தின் பாயிரத்தில் உள்ளது. பனம்பாரனார் இயற்றிய அப்பாயிரம், பாண்டிய மன்னன் ஒருவனுடைய அவையில், அதங்கோட்டாசான் என்னும் ஆசிரியர்க்குத் தொல்காப்பியர் தம் நூலைக் குற்றமறத் தெளிவித்தார் என்று தெரிவிக்கிறது. உரையாசிரியராகிய நச்சினார்க்கினியர் இதற்கு ஒரு கதையும் சேர்த்துக் கூறுவார். அகத்தியர் தம் மாணாக்கராகிய தொல்காப்பியர்மீது சினங்கொண்டிருந்தாராம். அவர் நூலைக் கேளாதே என்று அதங்கோட்டாசானிடம் கூறினாராம். ஆசானுக்கோ இரு பக்கமும் இடுக்கண். நூலைக் கேட்பது, கேட்குந்தோறும் குற்றம் கூறுவது என்று அவர் ஒரு வழி கண்டார். அவர் தொடுத்த வினாக்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை இறுத்தார். கதையின் உண்மை எவ்வாறாயினும் ஆகுக; குற்றம் காணும் நோக்கோடு கேட்பவர் முன்னும் நூல் நிற்றல் வேண்டும் என்னும் கருத்து அதனுள் பொதிந்து கிடக்கிறது. இக்காலத்து ஆராய்ச்சி மாணவர் அஞ்சுவதும் இத்தகைய ஒருவருக்கே. முன் வரிசையில் கைகட்டி அமர்ந்திருந்து, முடிவில் ஒரே ஒரு வினாவை எழுப்பும் அதங்கோட்டாசான் எந்தக் கருத்தரங்கிலும் ஒருவர் இருப்பார்.

அதங்கோடு என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தில் உள்ள ஊர் என்று கொள்வோர் பலர். அவ்வட்டம் 1956-ஆம் ஆண்டு வரையில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலங்கள் திருத்தியமைக்கப்பெற்ற அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தொல்காப்பியரை வினவிய ஆசானின் ஊர் எல்லைக்கு இப்புறம் வந்த அதே நாளில், தேவிகுளம் வட்டத்து மறையூர் எல்லைக்கு அப்புறம் நின்றது.

மறையூரைப் பற்றி இங்கே சில சொற்கள் கூறுதல் வேண்டும். மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் மலைப்பாதையில், சின்னாற்றுக் காடுகளுக்கு மேலே அமைந்த ஊர் அது. மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருப்பதால் கேரளத்தின் பெருமழை அங்கு இல்லை. அதன் வழியே ஓடும் பாம்பாறு, கேரளத்து ஆறுகளுள் பெரும்பாலானவற்றைப்போல் மேற்கே கடலை நாடாமல், கிழக்கே திரும்பி அமராவதியோடு கலக்கிறது. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பது பழவழக்கு. சந்தனக் காட்டாலும் கரும்பு வெல்லத்தாலும் மறையூரின் பெயர் பலர்க்குத் தெரிந்திருக்கும். ஆனால் நாம் ஈண்டு அவ்வூரை நினைப்பதற்குக் காரணம் சந்தனமும் அன்று, வெல்லமும் அன்று.

அங்கே பாறைமேடுகளில், பெருங்கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகையை மூடிய ஈமச் சின்னங்கள் பல நிற்கின்றன. முனியறை என்று மக்கள் அவற்றை அழைப்பர். காட்டினுள்ளே பாறை ஒதுக்கிடங்களில் பழங்காலத்து ஓவியங்களும் உள்ளன. அவ்வொதுக்கிடங்களுள் ஒன்றிற்கு எழுத்துக் குகை என்று பெயர். அங்கே மக்கள் எழுத்து என்று சுட்டுவது விலங்குகளின் உருவங்களையும் மனித உருவங்களையுமே. பெயரிட்டவர் பிழை செய்தார் என்று எண்ணிவிடுதல் கூடாது. எழுதுதல் என்னும் சொல்லுக்கு வரைதல் என்பதும் பொருளே. பழந்தமிழில் ஓவியமும் எழுத்துத்தான். உருவத்தை ஒரு மொழியாகவும், மொழியை ஓர் உருவமாகவும் காணும் பார்வை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பார்வைக்குக் கணித வடிவம் கொடுத்து, டாக்டர் பட்ட ஆராய்ச்சியாக உலக அவையில் வைத்த பெருமை தாம்பரத்திலிருந்த ஒரு கல்லூரியினர்க்கு உரியது. அதனை விளங்கிக்கொள்ள, முதலில் கடல் கடந்து ஒரு கருத்தரங்கிற்குச் செல்லுதல் வேண்டும்.

எல்லைகள் மாறிய அந்த 1956-ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 10 முதல் 12 வரையில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்திக் கொள்கை பற்றிய கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. அங்கே ஆலன் நியுவெல் என்பவரும் எர்பர்ட் சைமன் என்பவரும் தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தனர். கணித அளவையியல் தேற்றங்களுக்குத் தானே நிறுவல் காணும் கணிப்பொறி நிரல் ஒன்றை அவர்கள் இயற்றியிருந்தனர். வைட்ஹெட்டும் ரசலும் எழுதிய பெருநூலின் ஓர் அதிகாரத்தில் உள்ள முதல் 52 தேற்றங்களுள் 38-க்கு அது நிறுவல் கண்டது. நியுவெல் அப்பொழுது டாக்டர் பட்டம் பெறவில்லை, 1957-இல்தான் பெற்றார். கணிப்பொறியியல் என்றொரு துறை பல்கலைக்கழகங்களில் ஏற்படுமுன்னரே, ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அதனை அவையேற்றிவிட்டார் என்று நாம் சொல்லலாம்.

அதே கருத்தரங்கில், அதற்கு முந்திய ஆண்டில்தான் டாக்டர் பட்டம் பெற்றிருந்த நோம் சோம்சுகி என்னும் 27 வயதினர் மொழியை வருணிக்கும் மூவகை முறைகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். இலக்கணம் என்பதை அவர் நாம் பள்ளியில் பயின்ற பொருளில் கொள்ளவில்லை. ஒரு தொடக்கக் குறியிலிருந்து, இதற்குப் பதில் இதனை எழுதுக என்னும் சில விதிகளைக் கையாண்டு, முடிவின்றிப் பல தொடர்களைப் பிறப்பிக்கும் ஏற்பாடே அவர்க்கு இலக்கணம். விதிகள் சில, அவற்றிலிருந்து பிறப்பன எண்ணிறந்தன. விதிகளின் வன்மைக்கேற்ப இலக்கணங்கள் படிப்படியாக அமையும் என்பதும் அவர் காட்டியது. மனித மொழிகளைப் பற்றி அவர் கூறியவை இன்றும் தடைவிடைக்கு உரியனவாயிருக்கின்றன. கணிப்பொறியியலார்க்கோ அவர் தந்த படிவரிசை அரிச்சுவடியாகிவிட்டது.

இந்தியாவில் அக்காலத்தில் கணிப்பொறி என்பது கிட்டுதற்கரிய பொருள். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கப்பெற்ற பொறி 1960-இல் இயங்கத் தொடங்கியது. 1962-இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். அப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் தமிழராகிய ஆர். நரசிம்மன். கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963-இல் அமெரிக்கப் பொறி ஒன்று வந்தது. சென்னையிலுள்ள கழகத்திற்குப் பெரிய கணிப்பொறி வந்தது 1973-இல். பொறி வருமுன்னரே பொறியின் இயலைப் பயிலலாம் என்பது பலர்க்கு வியப்பாயிருக்கும். இலக்கண விதிகளின் ஆராய்ச்சிக்கு வேண்டுவன தாளும் எழுதுகோலுமே. இவ்வழியில் 1969-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் கற்பித்த ராணி சிரோமணி அம்மையார். இலக்கணங்களின் கணிதக் கொள்கையும் அதன் பயன்களுமே அவர் ஆராய்ந்த பொருள். கோட்பாட்டுக் கணிப்பொறியியலில் இந்நாட்டின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் போற்றப்பெறுகிறார்.

அவருடைய கணவர் கிப்ட் சிரோமணி அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். அவருடைய அறிவு ஒரு துறைக்குள் அடங்கி நிற்கவில்லை. கல்வெட்டு எழுத்துகள், சிந்துவெளி முத்திரைகள், மாமல்லபுரச் சிற்பங்கள் ஆகிய எல்லாவற்றிலும் அவர் நாட்டம் சென்றது. திருக்குறளைப் பழைய எழுத்து வடிவங்களில் அமைத்துக் காட்டிய நூலொன்றும் 1980-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டதுண்டு. அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறி தானே கண்டறிய வழிகாணும் கட்டுரை ஒன்று 1978-இல் வெளிவந்தது. இத்தகையவர் வாசற்படியில் உள்ள கோலத்தைக் காணாது தாண்டிச் சென்றிருப்பாரானால் அதுதான் வியப்பு.

கோலத்தில் இலக்கணம் எங்கே இருக்கிறது? நேயர்கள் தம் இல்லத்திலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். முதல் வரிசையில் 1 புள்ளி, அடுத்து 3, அடுத்து 5, அடுத்து 7, பின்னர் 5, 3, 1 என்று இறங்குதல். மொத்தம் 25 புள்ளிகள். மார்கழி நாளொன்றில் இவ்வளவோடு நிறுத்தும் அம்மையார், பொங்கலன்று அதே கோலத்தை 15 வரை ஏற்றி இறக்குகிறார். புதிய கோலம் ஒன்றை அவர் மனப்பாடம் செய்யவில்லை. விதி ஒன்றே: இருபுறமும் ஒவ்வொரு புள்ளி கூட்டுக, வேண்டிய அளவு வந்ததும் இருபுறமும் ஒவ்வொன்று குறைக்க. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. எத்தனை படி ஏறினோமோ அத்தனை படி இறங்க வேண்டும். அதனை நினைவில் வைத்தல் வேண்டும். சுவரோரத்தில் இழுத்துக்கொண்டே போகும் கரைக்கோலத்திற்கு இந்நினைவு தேவையில்லை; முன்னே உள்ளதைப் பார்த்து அடுத்ததை இட்டால் போதும். நினைவு வேண்டாத விதி ஒரு படி; ஏறியதை நினைத்து இறங்கும் விதி அதற்கு மேற்படி. சோம்சுகியின் படிவரிசையில் முதற்படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வேற்றுமை இதுவேயாகும். நம் பாட்டிமார் இதனைப் பெயரிட்டுக் கூறவில்லை. ஆயினும் ஒரு நாளும் பிழைத்ததில்லை.

சோம்சுகியின் விதிகள் இடமிருந்து வலமாக ஓடும் சொற்றொடர்க்கு உரியவை. கோலமோ இருபுறமும் விரிவது. தொடரை ஆளும் விதியைத் தளத்தை ஆளும் விதியாக மாற்றுவது எவ்வாறு என்பதே தாம்பரத்தில் எழுந்த வினா. கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, ராணி அம்மையாரிடம் ஆராய்ச்சி பயின்ற கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் இதற்கு விடை கண்டனர். முதலில் ஒரு விதித்தொகுதி கிடையாக ஒரு வரிசை வித்துக்குறிகளைப் பிறப்பிக்கும். பின்னர் மற்றொரு விதித்தொகுதி அவ்வித்துகள் ஒவ்வொன்றையும் கீழ்நோக்கி வளர்க்கும். ஒரே நாளில் நட்ட நாற்றுகள் ஒரே அளவாக வளர்வதுபோல எல்லாப் பத்திகளும் ஒருங்கே வளரும். இவ்வகை அணி இலக்கணங்களைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1972-இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சி 1973-இல் வெளிவந்தது. 1974-இல் வெளிவந்த கட்டுரை கோலத்தைத் தன் தலைப்பிலேயே ஏற்றுக்கொண்டது. உலகக் கணிப்பொறியியலார் இன்றளவும் இவ்வகையைச் சிரோமணி அணி இலக்கணம் என்று பெயர்சொல்லி வழங்குகின்றனர். கமலா கிருத்திவாசன் பின்னர்ச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகித் தாமும் பல மாணவர்களை உருவாக்கினார். அத்துறையில் வழிவழியாக மாணவர் எழுந்தனர். ஆசிரியர் ஒருவரின் கருத்து ஆராய்ச்சி மாணவர் வாயிலாக விரிவதற்கு இதனினும் நல்ல சான்று நம்மிடம் குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோலத்தில் கணிதம் இருக்கிறது என்று கேட்டவுடன், பண்டைத் தமிழர் கணிப்பொறியை அறிந்திருந்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அது வீண் பெருமை. கோலமிட்டவர் கோலமிட்டனர்; அதனுள் இருந்த விதியைப் பிரித்தெடுத்து, நிறுவி, ஐயுறுவார் முன் வைத்தவர் ஆராய்ச்சியாளர். இரண்டும் வெவ்வேறு உழைப்பு. ஒன்றன் பெயரால் மற்றொன்றைச் சிறுமைப்படுத்துதல் இருவர்க்கும் இழைக்கும் தீங்காகும்.

கம்பிக் கோலம் இன்னும் கடினமானது. சிலர் சிக்குக் கோலம் என்றும் நெளிக் கோலம் என்றும் கூறுவர். கோடு புள்ளியைத் தொடாமல் அதனைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். ஒரு கோலம் முழுவதும் ஒரே கம்பியால் ஆனதா, பல கம்பிகள் பின்னியதா என்று கண்ணால் கண்டு கூறுதல் எளிதன்று. செவ்வகமாக இட்ட புள்ளிகளில், அண்டைப் புள்ளிகள் இரண்டிரண்டிற்கும் நடுவே கோடு குறுக்கிட்டுச் செல்லுமாறு வளைத்துப் பாருங்கள். 3-க்கு 4 என்றால் ஒரே கம்பி வரும். 3-க்கு 3 என்றால் மூன்று கம்பிகள். 4-க்கு 6 என்றால் இரண்டு. அவ்விரு எண்களின் பொதுக் காரணிகளுள் பெரியது எதுவோ அத்தனை கம்பிகள் வரும் என்பது கணிதர் நிறுவிய உண்மை. மராட்டியரின் ரங்கோலியையும் வங்காளியரின் அல்பனாவையும் தெலுங்கரின் முக்கினையும் அண்டை வீட்டு வாசல்களில் நாள்தோறும் காணும் நேயர்கள், நம் கம்பிக் கோலத்தை இட்டுக் காட்டி இவ்வெண்ணிக்கையையும் சொல்லிக் காட்டலாம். வண்ணப்பொடி வேண்டியதில்லை, மாடிக் குடியிருப்பின் படிக்கட்டருகே ஒரு சுண்ணக்கட்டி போதும்.

இனி அவைகளின் வரலாற்றிற்குத் திரும்புவோம். 1970-களில் இந்நாட்டு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தம் முடிவை உலக அறிஞர் முன் எடுத்துரைக்க விரும்பினால் கப்பலோ வானூர்தியோ ஏற வேண்டியிருந்தது. பயணச் செலவு கிடைப்பது கண்டுபிடிப்பினும் அரிது. இந்நிலையை மாற்ற 1981 டிசம்பரில் பெங்களூரில் கோட்பாட்டுக் கணிப்பொறியியலுக்கென ஒரு மாநாடு தொடங்கப்பெற்றது. மென்பொருள் தொழில்நுட்பத்தின் அடிப்படைகளும் அதன் பொருளாயின. 1984-இல் அதே நகரில் நடந்த நான்காம் மாநாட்டின் கட்டுரைகள் செருமானியப் பதிப்பகம் ஒன்றின் வரிசையில் உலகெங்கும் சென்றன. அம்மாநாடு ஆண்டுதோறும் இன்றும் நடைபெறுகிறது. கட்டுரைகளைப் பெயர் பெற்ற அறிஞர்கள் முன்கூட்டியே ஆய்ந்து, தக்கனவற்றை மட்டும் ஏற்பர். ஏற்கப்பெற்றவர் சிறிது நேரமே பேசலாம், பின்னர் வினாக்கள். மூன்றாண்டு உழைப்பைச் சிறிது நேரத்தில் அடக்குவது எத்துணைக் கடினம் என்பதை அவ்வாறு நின்றவரே அறிவர். சொன்னதையே திரும்பச் சொன்னால் மணி அடித்துவிடும். விட்டுவிட்டால் அதனையே ஒருவர் வினவுவார். நூலுக்கு ஆகாத குற்றங்களை வகுத்த நம் இலக்கண ஆசிரியர்கள் இம்மேடையைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பர்.

கோலம் கடல் கடந்த அவைகளிலும் ஏறிற்று. அமெரிக்கப் பேராசிரியர் ஏசரியல் ரோசன்பெல்டு வகுத்த சுழல் இலக்கணங்களால் கம்பிக் கோலத்தைப் பிறப்பிக்கலாம் என்பதைக் காட்டும் சிரோமணி இணையரின் கட்டுரை, 1986 டிசம்பரில் வர்ஜீனியா மாநிலத்து வாரன்டனில் நடந்த அறிஞர் கூட்டத்தின் நூலில் இடம்பெற்றது. செடிகொடிகளின் வளர்ச்சியைக் கணிப்பொறித் திரையில் வரைந்து புகழ்பெற்ற கனடா நாட்டு அறிஞர் புருசின்கீவிச், முன்னே செல்க, வலப்புறம் திரும்புக, இடப்புறம் திரும்புக என்னும் சில கட்டளைகளால் நம் கோலங்களையும் வரைந்து காட்டினார். கண்ணனின் காற்சிலம்பு என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்ட கோலம் ஒன்று அவர் எழுத்துகளில் காணப்படுகிறது. மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பவுலுசு கெர்டசு, அங்கோலாவில் சொக்வே மக்கள் மணலில் புள்ளி குத்திக் கோடு வளைக்கும் சோனா ஓவியங்களை நம் கோலத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஆங்கே அவ்வோவியத்தை இடுவோர் ஆடவர். கதை சொல்லிக்கொண்டே வரைவர். இங்கே பெண்டிர், பேசாது வரைவர். இரு கண்டத்தார்க்கும் கோடு ஒன்றாயிருத்தல் நினைந்து நினைந்து வியத்தற்குரியது.

இவ்வளவும் நடந்தது ஆங்கிலத்தில். அரிசி மாவைக் கையில் எடுத்த எந்த அம்மையாரும் தம் கோலத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்து, ஆம் என்றோ இல்லை என்றோ கூறும் நிலை அன்று இல்லை. இதனை நாம் ஆராய்ச்சியாளர்மீது குறையாகக் கூறவில்லை; உலக அவையின் மொழி அதுவாயிருந்தது. ஆனால் அதங்கோட்டாசானின் அவையில் நூலும் வினாவும் விடையும் தமிழாயிருந்தன என்பதையும் மறத்தல் இயலாது. தமிழில் கணிப்பொறியியல் பேசும் அவைகள் பின்னர் ஏற்பட்டன. 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. 2010 ஜூன் திங்களில் கோயம்புத்தூரில் நடந்த செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் கூடியது. அங்கெல்லாம் தமிழிலும் கட்டுரைகள் படிக்கப்பெற்றன. மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டை வழியே ஒரு பகற்பொழுதுக்குள் சென்று சேரத்தக்க தொலைவில், தமிழும் கணிப்பொறியும் ஒரே மேடையில் நின்றன.

மறையூர்க் குழந்தையின் நிலை என்ன? மாநிலங்கள் திருத்தியமைக்கப்பெற்ற 1956-ஆம் ஆண்டிலேயே, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயலுதல் வேண்டும் என்னும் 350-ஏ பிரிவு அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்றது. கேரளத்தில் தேவிகுளம் வட்டத்திலும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. தாராவியிலும் பிற மாநில நகரங்களிலும் வாழும் நம் நேயர்களுக்கு இப்பிரிவின் அருமை சொல்லாமலே விளங்கும். தொடக்கப் பள்ளியில் தமிழ், பின்னர் மாநில மொழி, கல்லூரியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளின் வழியே ஏறித்தான் இக்குழந்தைகள் ஆராய்ச்சி மேடையை அடைகின்றனர். தமிழ்நாட்டுக் குழந்தை ஏறும் படிகளினும் அவர்கள் ஏறும் படிகள் மிகுதி. பாலக்காட்டில் 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று தொடங்கப்பெற்று, அங்கே கணிப்பொறியியலில் டாக்டர் பட்ட ஆராய்ச்சியும் நடைபெறுகிறது. எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதன் வாயில் தொலைவில் இல்லை. வாயில் வரை செல்லும் வழியில் பள்ளிகள் நிலைத்திருத்தல் வேண்டும். தமிழ்வழி வகுப்பொன்றில் சேர்க்கை குறைந்து அது மூடப்பெறுமானால், மூடப்பெறுவது பாடநூல் மட்டும் அன்று. வீட்டில் அம்மையார் புள்ளி, வரிசை, ஊடுபுள்ளி, கம்பி என்று வழங்கும் சொற்களை வகுப்பில் கணக்கின் சொற்களோடு இணைத்துப் பார்க்கும் வாய்ப்பும் உடன் மறைகிறது. அவ்வாய்ப்பிலிருந்துதான் தாம்பரத்தின் ஆராய்ச்சி பிறந்தது என்பது நம் துணிபு. கோலம் என்றால் என்னவென்று அறியாதவர் எவ்வளவு கணிதம் கற்றிருந்தாலும் அவ்வினாவை எழுப்பியிருக்க மாட்டார்.

ராணி சிரோமணி அம்மையார் தம் முதுமையிலும் ஓய்ந்திருக்கவில்லை. மறைகுறி முறைகள், உயிரணு மூலக்கூறுகளைக் கொண்டு கணக்கிடும் முறை ஆகிய புதிய துறைகளில் ஆராய்ந்தார். சென்னைக் கணிதவியல் கழகத்தோடும் தொடர்பு கொண்டிருந்தார். 2019-இல் அவர் மறைந்தார். அவர் கணவர் அவருக்கு நெடுங்காலம் முன்னரே, 1988-இல் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டில், கிப்ட் சிரோமணியின் நினைவாகக் கோட்பாட்டுக் கணிப்பொறியியல் நூலொன்று வெளியாயிற்று. பதிப்பித்தவர், டிஃப்ராக் பணியில் முன்னின்ற அந்த நரசிம்மனே. அந்நூலில் கம்பிக் கோலத்தையும் சுழல் இலக்கணங்களையும் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்று உண்டு. இளைய ஆய்வாளராகிய ராபின்சனும் ராணி அம்மையாரும் அதன் ஆசிரியர்கள். அவர்களுடன் மறைந்த கிப்ட் சிரோமணியின் பெயரும் ஆசிரியராகவே அச்சிடப்பெற்றுள்ளது.